சுவரில் மட்டும் பச்சை

எங்கள் அப்பா என் அக்காவைத் தலைமுழுகிய மறுநாள் காலையில் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தின் நாலு சுவரும் பச்சையாகியிருந்தன. தண்ணீர் மட்டும் பாட்டிலில் அடைத்து விற்கிற தண்ணீர் மாதிரி, அடித்தரையில் டைல்ஸ் இடுக்கு தெரிகிற தெளிவில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை மறைத்து வைத்து யாரையும் திடுக்கிட வைக்கிற பொறுமை எனக்கு இல்லை. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு பேர் உண்டு, அதை எழுத மாட்டேன், எழுதினால் ஃப்ளாட் விலை இறங்குமென்று பி பிளாக்கில் சண்டைக்கு வருவார்கள். திருப்பூரில் இருக்கிறது, அது போதும். என் பேர் மௌனிகா, பேரை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். பிளஸ் ஒன் பாதியில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்கா ஓடிப்போனதற்கு என் படிப்பு என்ன பண்ணியது என்று கேட்டேன். "அவளும் படிச்சவதான்" என்றார் அப்பா, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா பேர் சிந்துஜா. ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தாள், அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் பரிதி. அவர் நம்ம ஆளுங்க இல்லை என்பதைத் தவிர அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் முயற்சி பண்ணவில்லை. வேறொரு மாப்பிள்ளையோடு நிச்சயம் வைத்திருந்த நாளின் விடியலில், முந்தின சாயங்காலம் அம்மா அரைத்து அப்பிவிட்ட மருதாணி இரண்டு உள்ளங்கையிலும் இருக்க, அதைக் கழுவக்கூட நிற்காமல் அக்கா படியிறங்கிப் போய்விட்டாள். தாழ்ப்பாளில் பச்சை, படிக்கட்டுக் கைப்பிடியில் பச்சை, கேட்டுக் கம்பியில் பச்சை. அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து, "எப்புடிச் செவந்துதுன்னே பாக்கலியே, எப்புடிச் செவந்துதுன்னே பாக்கலியே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள். பிள்ளை போனதற்கு அழாமல் மருதாணிக்கு அழுகிறாளே என்று வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெற்ற பிள்ளை சொல்பேச்சு மீறிப் போய்விட்டால், பங்காளிகளோடு ஆற்றில் இறங்கி, அவளுக்கும் நமக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லித் தலைமுழுகிவிட்டு, சாவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். நொய்யல் ஆறு பக்கத்தில்தான், ஆனால் சாயக்கழிவு ஓடுகிற அதில் முழுகினால் எந்தக் கலரில் எழுந்து வருவோம் என்று சொல்ல முடியாதென்று எல்லோரும் யோசித்தார்கள். பவானிக் கூடுதுறைக்குப் போகலாம் என்றால் அப்பாவுக்கு வேலை. அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர், அன்றைக்குப் பார்த்து மெசினில் ஏற்றுமதித் துணி லாட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"கூடுதுறைக்குப் போயிட்டு வந்தா பொழுதே போயிருமுங்கண்ணா," என்றார் அப்பா.

"அதுக்கு? வீட்டு பக்கெட்டுல மோந்து ஊத்திக்கறயா? நாலு பேரு சிரிக்கறதுக்கா?" என்றார் சென்னியப்பன் பெரியப்பா, அப்பாவுடைய அண்ணன், எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு எழவென்றாலும் முன்னால் நிற்கிறவர். "கீழ அத்தாம் பெரிய தொட்டி கட்டி வெச்சிருக்கீங்கல்ல, அதுல எறங்கு."

நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்று குளத்தடியில் போர்டு வைத்ததே அப்பாதான், அசோசியேஷன் செயலாளர் அவர். வேட்டியோடு வரிசையாக இறங்கியவர்களைப் பார்த்து வாட்ச்மேன் குருசாமி அண்ணன் வாயருகே கொண்டுபோன விசிலை ஊதாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "செயலாளரே எறங்குனா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது" என்று முனகினார். அப்பா மூழ்கினார், எழுந்தார், பெரியப்பா சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சொன்னார், மறுபடி மூழ்கினார். என்னையும் இறங்கச் சொன்னார்கள், சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன், பிடிக்கவில்லை. அம்மா கீழேயே வரவில்லை.

மறுநாள்தான் அந்தப் பச்சை.

குளத்தைப் பராமரிக்கிற ரூபன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைத் திறந்து, "தண்ணிக்கு ஒரு வியாதியும் இல்ல சார், குளோரின் கரெக்டு, பிஎச் கரெக்டு" என்றார்.

"அப்ப சுவரு?" என்றார் அப்பா.

"சுவரு வேற டிபார்ட்மென்ட் சார்."

பாசியாக இருந்தால் வழுக்கும், தேய்த்தால் தண்ணீருக்குள் புகை மாதிரிக் கலையும் என்றார், இது வழுக்கவும் இல்லை கலையவும் இல்லை. ஒரு பழைய காலுறையில் குளோரின் மாத்திரையைக் கட்டிச் சுவரோடு சேர்த்து வைத்தார், அது வெளுத்தால் உயிருள்ள கறையாம். வைட்டமின் சி மாத்திரையை எடுத்து இன்னொரு இடத்தில் தேய்த்தார், அது வெளுத்தால் உலோகக் கறையாம். இரண்டும் வெளுக்கவில்லை. தண்ணீர் சுற்றாத மூலையில்தான் எதுவும் படியும் என்று அடித்துச் சொன்னார், ஆனால் தண்ணீர் வேகமாக வந்து விழுகிற குழாய்க்கு நேர் எதிரில்தான் பச்சை எல்லாவற்றையும்விட அடர்த்தியாக இருந்தது. கம்பி பிரஷ் தேய்ந்தது, ரூபனின் தோள்பட்டை தேய்ந்தது, பச்சை அப்படியே இருந்தது.

அப்பா எந்தத் துணியைக் காட்டினாலும் அதில் எந்தச் சாயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்று கண்ணாலேயே சொல்கிறவர். மாஸ்டர் வீட்டுச் சாயம்தான் குழாய் வழியாகக் குளத்தில் இறங்கியிருக்கிறது என்று ஏ பிளாக்கில் பேச ஆரம்பித்ததும், கம்பெனி ஷேடு கார்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய், குளத்து விளிம்பில் முட்டி போட்டு, ஒவ்வொரு பச்சையாகச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்தார். கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, ராணுவப் பச்சை, எதுவும் ஒத்துவரவில்லை. "இதுக்கு ரெசிபியே இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தானே செய்ததைத் தானே கண்டுபிடிக்க ஒருத்தர் அவ்வளவு சிரத்தையாக உழைத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கண்டுபிடித்தது பி பிளாக் பிரேமலதா அக்காவின் பையன். சுவரைப் பிடித்துப் பிடித்து நீந்தப் பழகிவிட்டுக் கரையேறினான், இரண்டு உள்ளங்கையும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன. பிரேமலதா அக்கா பதறி, சுவரில் விரலை வைத்து, விரலை மூக்கில் வைத்து, "அட, இது மருதாணிங்க" என்றார். சுற்றியிருந்தவர்களில் ஒருத்தர்கூட அது எப்படிச் சுவரில் வந்ததென்று கேட்கவில்லை. முதல் கேள்வி, "எத்தனை நேரம் வெக்கோணும்?" இரண்டாவது கேள்வி, "ஆம்பளைங்க நீந்தற நேரத்துல நாம எப்புடி எறங்கறது?"

அப்புறம் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது. காலையில் நீந்துகிறவர்களுக்கு, சாயங்காலம் மருதாணிக்கு என்று அசோசியேஷன் நேரம் பிரித்தது. நீந்தத் தெரியாத பெண்களெல்லாம் விளிம்பில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரில் உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு, குழம்புக்கு என்ன போட்டாய் என்று எதிர்க்கரைக்குக் குரல் கொடுத்தார்கள். கல்யாணப் பெண்களைக் காரில் கூட்டிவந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அடுத்த ஊர்க்காரர்கள் வந்தார்கள், குருசாமி அண்ணன் ஊதாமல் வைத்திருந்த விசிலை இப்போது வரிசையை ஒழுங்குபடுத்த ஊதினார். கையில் சிவப்போடு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்தார்கள், நின்ற பிள்ளைகளின் அம்மாக்கள் போய் ஆசிரியைக்கு வழி சொல்ல, அந்த ஆசிரியையும் ஒரு சாயங்காலம் வந்து படுத்தார். நன்றாகச் சிவந்தவளைப் பார்த்து, உன்மேல் யாருக்கோ பாசம் அதிகம் என்றார்கள், சிவப்பு குறைந்தவள் அதெல்லாம் பித்த உடம்புக்காரிக்குத்தான் பிடிக்கும் என்றாள். ஏற்றுமதிக் கம்பெனி ஆள் ஒருத்தர் வெள்ளைத் துணியோடு வந்து நனைத்துப் பார்த்தார். துணியில் ஒரு பொட்டுகூட ஏறவில்லை, தோலில் மட்டும்தான் ஏறும் என்று தெரிந்ததும் துணியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார். இரண்டு பிளாக்கிலும் அதில் கை வைக்காதவள் என் அம்மா ஒருத்திதான். கை வைத்தும் சிவக்காதவர் அப்பா ஒருத்தர்தான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வைப்பார், எடுப்பார், பார்ப்பார், வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் அக்காவிடம் பேசுவேன். பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் மாமியாரோடு இருந்தாள்.

"அன்னைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ் குழாயில கையைக் கழுவுனன்டி," என்றாள் ஒருநாள். "செவக்கவே இல்ல. ஒரு பொட்டு இல்ல. பொறந்த கொழந்தை கையாட்டம் இருக்குதுன்னு இவரு சொன்னாரு. அன்னைக்கிருந்து கையெல்லாம் குளோரின் நாத்தம். எத்தனை சோப்புப் போட்டாலும் போக மாட்டீங்குது. ஏம்மா, நீ சுடற தோசையில நீச்சல் குளம் மணக்குதுன்னு மாமியார் கேக்கறாங்க."

"சிரிக்கறயா, அழுகறயா?"

"ரெண்டுந்தான். அம்மா இன்னைக்கு என்னடி செஞ்சா?"

"கொள்ளுப் பருப்பு."

"ரசம் வெச்சாளா?"

எல்லாப் போனும் இந்த இடத்தில்தான் போய் நிற்கும். அம்மா என்ன செய்தாள், அப்பா சாப்பிட்டாரா, மாடிச் செடிக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள். கை நாறுவதைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, அக்கா போன நாளிலிருந்து எட்டிப் பார்க்காத குளத்துக்கு இறங்கிப் போய், மோட்டார் ரூம் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஒரு குழாயில் உள்ளே போய் இன்னொரு குழாயில் வெளியே வருகிறதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். மேலே வந்து அப்பாவுக்கு இட்லி வைக்கும்போது சொன்னாள்:

"ஆத்துல முழுகுனா தண்ணி கொண்டுட்டுப் போயிருமுங்க. நீங்க முழுகுனது மோட்டாரு போட்டுச் சுத்தற தண்ணி. நீங்க கழுவி உட்டது அந்தக் குழாயில போயி இந்தக் குழாயில திரும்பி வருது. எங்க போவா அவ? சுவத்தப் புடிச்சுட்டு நிக்கறா."

அப்பா இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். ரூபனின் சொட்டு மருந்துக்கும் அப்பாவின் ஷேடு கார்டுக்கும் பிடிபடாதது இதுதான்.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் குளம்தான் வேலை. வெயிலில் தண்ணீர் இறங்கிப் பச்சையின் மேல் ஓரம் காய்ந்தால், மக்கில் மோந்து ஊற்றி நனைப்பாள். ரூபன் ஆசிட் கேனோடு வந்தபோது, "கேனைத் தொறந்து பாருங்க தம்பி, தொறந்து பாருங்க" என்று அம்மா சொன்ன விதத்தில் அவர் கேனை மறுபடி வண்டியில் ஏற்றினார். பச்சை இருக்கிறவரைக்கும் அக்கா எங்களை விடவில்லை என்று அர்த்தம், அப்பா மட்டும் இளகினால் போதும், ஒரு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள். அம்மா நம்பியது இதைத்தான், நானும் நம்பினேன்.

அப்பா இளகினார். அதுதான் இதில் பெரிய கொடுமை, கல்லாகவே இருந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். நீந்துகிறவர்கள் வருவதற்கு முன்னால் போய், வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காலைத் தண்ணீரில் போட்டு, சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலை நான் காபி கொண்டுபோனேன்.

"அவகிட்டப் போன் இருக்குதா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இருக்குதுங்க."

"நல்லாருக்காளாமா?"

"மாசமா இருக்கறா."

அப்பா காபியைக் குடிக்கவில்லை. ஆறிப் போய் ஆடை கட்டிய பிறகு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை லீவுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அம்மாவுக்கு அது போதும். சனிக்கிழமை அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டாள், அக்காவுக்குக் கொண்டுபோகப் பொட்டுக்கடலை உருண்டை பிடித்தாள், என்னிடம் வாய்க்குள் வைத்துக்கொள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, சென்னியப்பன் பெரியப்பா பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஏதோ கல்யாணத்தில் பொண்ணு கையைப் பார்த்து நல்ல சிவப்பு என்று பாராட்டியிருக்கிறார்கள், ஈஸ்வரமூர்த்தி தலைமுழுகிய மகளோட மருதாணி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்வரமூர்த்தி எங்கள் அப்பா.

"நீ தலைமுழுகுன புள்ள மருதாணியை ஊரே கையில வெச்சுட்டுச் சுத்துது," என்றார் பெரியப்பா, சோபாவில் சாயாமல் நுனியில் உட்கார்ந்து. "நம்ம மானம் வீதி வீதியாப் போகுது, அதுவும் நல்லாச் செவப்பா."

"தண்ணி சுத்தறதுனாலீங்கண்ணா…"

"தண்ணியச் சொல்லாத. மனசுக்குள்ள எதையோ புடிச்சுட்டு முழுகியிருக்கற நீ. அரைகொறையா முழுகுனா இப்புடித்தான் ஒட்டிட்டு நிக்கும். சாயக்காரன் நீ, உனக்கு நான் சொல்லோணுமா? ஒழுங்கா அலசாத லாட்டை நீ வெளிய உடுவயா?"

அப்பாவின் கை பித்தானிலேயே நின்றது.

"சின்னவ ஒருத்தி இருக்கறா. இவளை நாளைக்கு எவன் கட்டுவான்?"

"என்னை யாரும் கட்ட வேண்டாமுங்க பெரியப்பா," என்றேன்.

"வாயைப் பாரு. பெரியவளும் இப்புடித்தான் பேசிட்டிருந்தா."

மற்றதையெல்லாம் அப்பா தாங்கியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். லாட்டைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அலசல் சரியில்லாமல் ஒரு துணி வெளியே போனால் ராத்திரி தூங்காத மனுஷன், அரைகுறை என்ற சொல்லைத் தன் தொழில்மேல் விழுந்ததாக எடுத்துக்கொண்டார், அது மகள் என்பதை அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோனார். "சரிங்கண்ணா, ஆத்துக்கே போலாம்" என்றார்.

அம்மா வாசல் நிலையில் கையை வைத்துக் குறுக்கே நின்றாள். "போகாதீங்க."

"ஒரு முழுக்குத்தான் புள்ள. முடிச்சுட்டு வந்தர்றன்."

"போகாதீங்கன்னு சொல்றனுங்க."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்பா குனிந்து, அம்மாவின் கைக்கு அடியில் நுழைந்து போனார். இந்தத் தடவை சளி என்று சொல்ல விடவில்லை, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

கூடுதுறைப் படியில் கூட்டமான கூட்டம், செத்தவர்களுக்குப் பிண்டம் வைக்கிறவர்களும் புதுத் தாலியோடு குளிக்க வந்தவர்களும் ஒரே படியில் இடித்துக்கொண்டு நிற்க, அப்பா அந்த வெள்ளைச் சட்டையோடே இறங்கினார். பெரியப்பா சொல்லச் சொல்ல, அவளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லி முழுகினார், எழுந்தார், முழுகினார். கடைசியாக எழுந்தபோது அவர் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு பச்சை, நூல்மாதிரி மெல்லிசாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் போனதும் முந்தானை அகலத்துக்கு விரிந்து, ஆற்றின் நடு ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போக ஆரம்பித்தது. ஓடுகிற தண்ணீரில் நிறம் கழன்று போவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர், கழன்றது திரும்ப ஏறாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையை நீட்டினார். இன்னும் ரெண்டு எட்டு வைத்துக் கழுத்தளவு ஆழத்தில் நின்று நீட்டினார். பங்காளிகள் வழுக்குது வழுக்குது என்று கத்தி அவரைப் பிடித்து இழுத்தார்கள். தண்ணீர் அதுபாட்டுக்குப் போனது.

நாங்கள் திரும்பி வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது, கட்டி முடித்த அன்றைக்கு இருந்த மாதிரி. ஊரில் எல்லாக் கையும் ஒரே மத்தியானத்தில் வெளுத்துவிட்டன. பிரேமலதா அக்கா ரெண்டு நாள் குறைபட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் கடையில் மருதாணிக் கோன் வாங்கி வைத்துக்கொண்டார். ரூபன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "நான் சொன்னன்ல சார், ஃபில்டர் மண்ணு மாத்துனாச் சரியாயிரும்னு" என்றார், அப்படி அவர் சொல்லவே இல்லை. அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளருக்குக் கை தட்டினார்கள்.

அம்மா சுவரைப் போய்ப் பார்க்கவில்லை, போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருங்க பேசறீங்க?" என்றாள் அக்கா.

"அம்மா பேசறன் கண்ணு."

"எந்த அம்மாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அந்தக் குரலில் கோபம் இல்லை, கோபமாக இருந்தால் தேவலை, இது தெருவில் வழி கேட்கிறவர்களிடம் பேசுகிற குரல்.

"ராங் நம்பருங்கம்மா. யாரைக் கூப்பிட்டீங்களோ, நம்பரை நல்லாப் பாத்துப் போடுங்க. வெச்சரட்டுங்களா?"

"சரிங்க," என்றாள் அம்மா. பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டு, சரிங்க. அதற்கப்புறம் அப்பாவிடம் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "நல்லா அலசிட்டீங்க."

பரிதி அம்மாவின் போனில் என்னைக் கூப்பிட்டார். அக்காவிடம் எங்கள் பேர்களைச் சொன்னால், அப்படியா, அப்புறம் என்று யார் வீட்டுக் கதையோ மாதிரி ஆர்வமாகக் கேட்கிறாளாம். டாக்டரிடம் காட்டினாராம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை, ரத்தம் நன்றாக இருக்கிறது என்றாராம். "கையில குளோரின் வாடைகூடப் போயிருச்சு. நிம்மதியாத்தான் இருக்கறா, பாப்பா," என்றார். சொல்லும்போது அவர் குரல் நிம்மதியாக இல்லை.

அப்பா பல நாள் கழித்து, ஒரு மத்தியானம், ஷிஃப்ட் பாதியில் வீட்டுக்கு வந்து, "அந்த வீடு உனக்குத் தெரியுமல்ல" என்றார். நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். லைன் வீடுகளுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றார். அக்கா வாசலில் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள், வயிறு நன்றாகத் தெரிந்தது, கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் குண்டாகி, பார்க்க அழகாக இருந்தாள். எங்களைப் பார்த்தாள். வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"யாரைப் பாக்கோணுங்க?"

அப்பா வாயைத் திறந்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

"ஐயோ, இருங்க, வெயில்ல நிக்காதீங்க, இப்புடி நெழலுக்கு வாங்க" என்று உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். அப்பா குடித்தார், அண்ணாந்து குடித்ததால் முகம் தெரியவில்லை, தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது.

"மெதுவாங்க ஐயா. பொரையேறிக்கும்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க பொண்ணுங்களா? ஒரே பாப்பாதானுங்களா?"

அப்பா சொம்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். "ரெண்டுங்க. பெரியவளைக் கட்டிக் குடுத்தாச்சுங்க."

"எந்தூர்லீங்க?"

"பக்கத்துலதானுங்க."

"மாப்பிள்ளை நல்லா வெச்சிருக்காருங்களா?"

"நல்லா வெச்சிருக்காருங்க." அப்பா நிறுத்தினார். "மாசமா இருக்கறாங்க."

"அட, என்னையாட்டமே!" அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரி மாதிரி அப்பாவுக்குக் கட்டளை போட்டாள். "அப்ப அடிக்கடி போயிப் பாத்துக்கோங்க ஐயா. இந்த நேரத்துல பொறந்த வீட்டு ஆளுங்க வந்தா அதே ஒரு தெம்புன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. எனக்கு அப்புடி யாரும் இல்லீங்க, இருக்கறவங்க போகோணுமல்ல. போறப்பச் சும்மா போகாதீங்க, புளிப்பா எதாச்சும் வாங்கிட்டுப் போங்க. மாங்கா வந்திருக்குது பாருங்க, அந்த முக்குக் கடையில."

"வாங்கறனுங்க," என்றார் அப்பா.

வாங்கினார். முக்குக் கடையில் நின்று, ஒவ்வொரு மாங்காயாக எடுத்து, அடிபடாததாக, காம்பு வாடாததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். பை நிறைந்ததும் ஸ்கூட்டரில் மாட்டினார். அந்தப் பக்கம் போனால் எங்கள் வீடு, இந்தப் பக்கம் அக்கா இன்னும் துணி போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் ஒரே நாளில் இரண்டாம் தடவை ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. அப்பா வண்டியை எந்தப் பக்கமும் திருப்பாமல், என்ஜினையும் அணைக்காமல், பின்னால் வந்த லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போக, நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.